ஏழாம் கட்டில் பாலுசாமி

“ஏனுங்க, உங்க பேரைச் சொல்லுங்க” என்று நான்காவது முறையாகக் கேட்டாள் நர்ஸ் பிரவீனா.

ஏழாம் கட்டிலில் தலையோடு போர்த்திப் படுத்திருந்த உருவம் குறட்டையால் பதில் சொன்னது.

மணி ஒன்பதரை. பத்து மணிக்கு ஆப்பரேஷன். அதற்கு முன்னால் போட வேண்டிய ஊசி தட்டில் தயாராக இருந்தது. கட்டில் அட்டையில் ‘பாலுசாமி, காரமடை, குடலிறக்கம்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. எழுதியிருந்து என்ன பயன்? அட்டையை நம்பும் காலம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது.

போன வாரம் வேறொரு வார்டில், “நீங்க சசிதருங்களா?” என்று ஒருவரிடம் கேட்டாள். “ஆமாங்க” என்றார். மாத்திரையைக் கொடுத்தாள், பணிவாக வாங்கி விழுங்கினார். சசிதர் அடுத்த கட்டிலில் இருந்தார். ‘அப்புறம் ஏனுங்க ஆமான்னீங்க?’ என்று கேட்டால், “நீங்க அத்தனை மரியாதையாக் கேக்கறப்ப இல்லைன்னு எப்படிங்க சொல்றது?” என்கிறார் மனிதர். நல்லவேளை, சத்து மாத்திரை.

மேட்ரன் பாத்திமுத்து அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். “பேரை நீ சொல்லிக் கேட்காதே. அவங்க வாயால வரணும். இன்னொரு தடவை ஆள் மாறிச்சு, பெட்டியைக் கட்டிக்கிட்டு ஈரோட்டுக்கு பஸ் ஏறிரு.”

வேலை நிரந்தரமாக இன்னும் நாலே நாள். ஆண்கள் வார்டில் இன்றுதான் முதல் நாள்.

பிரவீனா, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த பழனாத்தாளிடம் திரும்பினாள்.

“இவரு உங்க வீட்டுக்காரருங்களா?”

“ஆமாங்க அம்மணி.”

“அவரு பேரு என்னங்க?”

பழனாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “அதெப்படிங்க நான் சொல்றது? கண்ணாலமாகி இருவத்தாறு வருசமாச்சு. ஒரு நாளு சொன்னதில்லீங்க.”

“ஊசி போடணுமுங்க!”

“போடுங்க. அதுக்கு எதுக்குங்க பேரு?”

எதிர்க் கட்டிலில் காலையில்தான் வந்து சேர்ந்திருந்த வெங்கடசாமி, கால் கட்டோடு உற்சாகமாக நிமிர்ந்தார். “ஒரு குறிப்பு குடுங்கம்மா, நான் கண்டுபிடிக்கறேன்.”

“அவிய தாத்தன் பேருங்க” என்றாள் பழனாத்தாள்.

“அவரு தாத்தாவை நான் எங்க கண்டேன்! சாமி பேரா?”

“கடைசியில சாமி வருமுங்க.”

“கந்தசாமி!”

“இல்லீங்க.”

“ராமசாமி! பழனிச்சாமி! குப்புசாமி!”

வார்டே சேர்ந்துகொண்டது. ஆளுக்கொரு சாமியை எடுத்து வீசினார்கள். தையல் போட்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரோ ஒருவர் “பாலுசாமி!” என்றதும் பழனாத்தாள் புதுப்பெண்ணாய்த் தலை குனிந்தாள்.

அந்தக் கூச்சலில் போர்வை விலகி மனிதர் எழுந்தார். பிரவீனா பாய்ந்தாள். “உங்க வாயால பேரைச் சொல்லிருங்க சாமி!”

அவர் “ம்ம்” என்றார். கன்னம் உப்பியிருந்தது. வெற்றிலை.

“வார்டுல வெத்தலை போடக் கூடாதுங்க. முதல்ல துப்புங்க!”

சொன்ன சொல்லைத் தட்டாத மனிதர். கண்ணுக்கு எதிரே நீட்டியிருந்த தட்டிலேயே துப்பினார். கொதிக்கவைத்து எடுத்த கண்ணாடி சிரிஞ்சு, ஊசி, பஞ்சு எல்லாம் செக்கச்செவேல் என்றாயின.

பிரவீனாவுக்கு அழுகை வந்தது. ஓடிப்போய் வேறு சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, மறுபடி மருந்தை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மணி பத்தாக ஐந்து நிமிடம். ஆப்பரேஷன் தியேட்டரிலிருந்து இரண்டு தடவை போன். கட்டிலருகே இடுப்பில் கை வைத்தபடி மேட்ரன்.

“ஒரு ஊசிக்கு அரை மணி நேரமா?”

“பேரை வாங்கிட்டுத்தான் மேடம்…” என்றவள் கட்டில்காரரைக் கெஞ்சலாகப் பார்த்தாள். “சொல்லுங்க.”

“பாலுசாமிங்க.”

“ஊரு?”

“காரமடைங்க.”

பிரவீனா அட்டையைப் பார்த்தாள். மேட்ரனும் பார்த்தார். வீட்டுக்காரி ஒப்புக்கொண்ட பெயர், அவர் வாயாலேயே வந்த பெயர், ஊர் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தின. மேட்ரன் முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. “இப்படித்தான் இருக்கணும்.”

“எனக்கெதுக்குங்க ஊசி? நல்லாத்தானுங்க இருக்கறேன். பஸ்ஸுல நின்னுட்டே வந்தது, காலு நோவுதேன்னு செத்த படுத்தேன்” என்றார் பாலுசாமி.

“ஊசியைக் கண்டா எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க” என்றார் மேட்ரன். “திரும்பிப் படுங்க.”

அவர் மனைவியைப் பார்த்தார்.

“போட்டுக்குங்க” என்றாள் பழனாத்தாள். “இத்தனை சிரமப்பட்டு ரெண்டாந்தரம் கொண்டாந்திருக்குது அந்தப் புள்ளை. வேண்டாம்னா நல்லாவா இருக்கும்?”

அதுவும் நியாயமாகப்பட்டது போலும். திரும்பிப் படுத்து வேட்டியைத் தளர்த்தினார். பிரவீனா பஞ்சால் துடைத்தாள். ஊசியை நிமிர்த்திக் காற்றை வெளியேற்றினாள். நாலு நாள், வேலை நிரந்தரம், அப்பாவுக்குக் கடிதம் என்று மனசு கணக்குப் போட்டது.

வார்டின் கோடியில் குளியலறைக் கதவு திறந்தது. சவரம் செய்த வயிறும் ஈரத் துண்டுமாக மெல்ல நடந்து வந்த ஒரு மனிதர், ஏழாம் கட்டிலருகே நின்று கையைக் கூப்பினார்.

“ஏனுங்க சிஸ்டர், ஊசி எனக்குத்தானுங்க, இவிய என்னையப் பாக்க வந்த பெரியப்பன் பையன், ரெண்டு பேருத்துக்குமே எங்க தாத்தன் பேரை வெச்சுப்போட்டாங்க!”