அண்ணனின் கெண்டைக்காலும் கைத்தாளமும்

ஜார்ஜ்டவுன்,
வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிய பிறகு.

அன்புள்ள ரமணி அண்ணிக்கு, நவமணி வணக்கத்துடன் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். உங்கள் வீட்டுக்காரரின் கெண்டைக்காலும் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாட்சப்பில் போட்டால் உங்களுக்கு முன்னால் அண்ணன் படித்துவிடுவார் என்பதால் முறுக்கு டின்னுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை, வரவை முதலில் எழுதாமல் ஓடாது. அன்று எங்கள் ஹாலில் இருந்தவர்கள்: திருநாவுக்கரசு அண்ணன், காமினி அப்பா, காமினி, அவளோடு மல்யுத்தம் பழகும் நஜ்வா, நான், சுவரில் முருகன்.

ஈப்போ போட்டிக்குக் காமினி போகக் கூடாது என்று சொல்லத்தான் அண்ணன் தாசேக் கெலுகோரிலிருந்து வந்தார். தாய்மாமன் வேண்டாம் என்றால் காமினி அப்பா கொட்டாவிகூட விடமாட்டார், உங்களுக்குத் தெரியாததா? பிள்ளையோ ஃபெரி ஏறி அக்கரையில் மாக் மண்டின் பயிற்சிக்கூடத்துக்குப் போய், வேர்த்து விறுவிறுத்துப் பழகியவள், அன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை. "பொம்பளப் புள்ள அடுத்தவங்க காலப் புடிச்சு உருளுறது என்னா வெளையாட்டு லா?" என்றார் அண்ணன். "புடிக்கிறது இல்ல மாமா, மடக்குறது" என்றாள் இவள். "எங்க, என் கால மடக்கு பாப்போம்! தோட்டத்துல செம்பனைக் குலை தூக்கி ஏறி எறங்குன காலு இது!" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி, வீடியோ பார்த்துப் பார்த்து இந்த வித்தை எனக்கும் வாய்ப்பாடம். இது கனத்த அங்கி போடாத வகை, பற்றி இழுக்கத் துணி கிடையாது, பிடி முழுக்க உடம்பில்தான். எதிராளியின் முழங்காலுக்குப் பின்னால் நம் கணைக்கால் எலும்பைக் கொடுத்து, அவர் பாதத்தை அவர் இடுப்புப் பக்கம் இழுத்து மடக்கினால், கெண்டைச்சதை பாக்குவெட்டியில் மாட்டிய பாக்கு. வெடுக்கென்று இழுத்தால் சதையும் போகும், முட்டியும் போகும், அதனால் முதலில் பிடியை ஆடாமல் நிறுத்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும், எதிராளி கையால் தட்டினாலோ வாயால் போதும் என்றாலோ அந்த நொடியே விட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. நஜ்வா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்: "அங்கிள், நல்லா வலிக்கட்டும்னு காத்திருக்காதீங்க, இறுக்கமா இருந்தாலே தட்டிடுங்க." அண்ணன், "நான் தட்டுறதா? பஜனையில தவிர இந்தக் கை எங்கயும் தட்டுனதில்ல" என்றார்.

காமினி பூப்போலத்தான் அழுத்தினாள். அண்ணன் முகம் பீட்ரூட் ஆனது. திடீரென்று உச்சக் குரலில் முருகன் பாட்டு! பாடினால் கை சும்மா இருக்குமா, பாயில் படபடவென்று தாளம் விழுந்தது. காமினி சட்டென்று விட்டுவிட்டாள். பாட்டு முதல் வரியைத் தாண்டவில்லை. "என்னா விட்டுட்ட, கை வலிக்குதா? பாத்தியா மச்சான், பக்திக்கு முன்னால ஒரு பிடியும் நிக்காது! இதுல ஆபத்தே இல்ல, புள்ள போய்ட்டு வரட்டும்" என்றார் அண்ணன். இன்னொரு தடவை போடவா என்று நஜ்வா கேட்டதற்கு, "ஒரு தடவ பாத்தாச்சு லா, போதும்" என்றார். பிள்ளை குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். நான் கேசரி கிண்டப் போய்விட்டேன். தாளத்துக்குத்தான் விட்டாள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வினை இப்போதுதான். கோயில் குடும்ப தினத்தில் மேடையில் காமினி அதே பிடியைப் போட, தான் பாட்டுகூடப் பாடாமல் கும்பிட்ட கையோடு உட்காரப்போவதாக நிர்வாகத்திடம் அண்ணன் சொல்லிவிட்டாராமே! காமினி அழாத குறையாக, "கையும் தட்ட மாட்டாரு, வாயும் தெறக்க மாட்டாரு, நான் எப்பம்மா விடறது? லேசா போட்டா, இன்னும் அழுத்துன்னு சவால் விடுவாரு" என்கிறாள். உண்மையைச் சொன்னால் ஈப்போ போச்சு. சொல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் கால் போச்சு. முருகனைக் கேட்டேன், அவர் வேலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அண்ணன் மனம் கோணாமல் இதை எப்படிச் சொல்வது, நீங்கள்தான் வழி காட்ட வேண்டும்.

உங்கள் மகன் கோகுலனுக்கு என் அன்பு. அண்ணனின் கால்கள் இரண்டும் நூறு வயது வரை நன்றாக மடங்கி நிமிர வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள்,
நவமணி

பி.கு.: டின்னை மூடப்போகும் நேரம் அண்ணன் காமினிக்குப் போன் செய்தார். அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். "காமினி, அம்மாகிட்ட சொல்லிடாத, அத்தைகிட்ட சொல்லவே சொல்லாத. அன்னிக்கு நான் பாடுனது பக்தியில இல்லம்மா, தாங்க முடியல. சும்மா தட்டுனா ஒங்கப்பன் சிரிப்பான்னு பாட்டோட சேத்துத் தட்டுனேன். இப்பக் கோயில்ல வேற வாய விட்டுட்டேன். மேடையிலயும் பாடிக்கட்டுமா?" அவள், "பாடுங்க மாமா, ஆனா இழுத்துப் பாடற பாட்டு மட்டும் வேணாம்" என்றாள். ஈப்போவுக்குக் காரையும் அவரே ஓட்டுகிறாராம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள் அண்ணி. எடுத்த எடுப்பிலேயே தாளம் விழுகிற முருகன் பாட்டு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அண்ணனிடம் கேட்காமல் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.