குற்றவாளி: ஒரு ரைஃபிள் குழல்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது எது? நெருப்பு என்பார்கள். சக்கரம் என்பார்கள். விவரம் தெரியாதவர்கள்! குறி தவறினால் தவறு துப்பாக்கிக் குழலுடையதே என்ற பேருண்மைதான் அது. நார்வேயின் ஸ்கார்தால் பள்ளத்தாக்கில், சென்ற அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, எம்ப்ரிக் என்ற ஐம்பத்திரண்டு வயது மாமனிதர் அதைக் கண்டுபிடித்தார்.

அப்போது அவர் காட்டில், ஏழாம் நிலையில் உட்கார்ந்திருந்தார். எல்க் மான் வேட்டைக் குழுவில் ஆளுக்கு ஓர் இடம் உண்டு. நாய் கிளப்பிவிடும் மான் வரும்வரை அங்கே அசையாமல் காத்திருக்க வேண்டும். சதுப்பு நிலத்தை ஒட்டிய ஏழாம் நிலை மான்களின் ராஜபாட்டை. பதினாறு வருடங்களாக அது எம்ப்ரிக்குக்குத்தான். முதலாம் நிலையோ பால் லாரி போகும் சாலையோரம். அங்கே அவருடைய மனைவி குன்வோர் உட்காருவார். ஆனாலும் வருடம் தவறாமல் ஒரு மானைச் சாய்த்துவிடுவார். அது வெறும் தற்செயல் என்று குழுவின் ஆண்கள் எழுவரும் கருதினார்கள்.

அந்த வியாழக்கிழமை வந்தது குதிரையைவிடப் பெரிய ஆண் எல்க். நாற்பது மீட்டர் தூரம். பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நின்றது. எம்ப்ரிக் சுட்டார். ஒரு பிர்ச் மரம் பலத்த காயமடைந்தது. எல்க் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. குழுத் தலைவர் தோர்யூஸ்.

"எம்ப்ரிக், சத்தம் கேட்டுச்சே! விழுந்துச்சா?"

"பேரல் சரியில்ல தோர்யூஸ்."

"நான் பேரலை விசாரிக்கலப்பா. மானை விசாரிச்சேன்."

அன்று மாலை தோர்யூஸ் அறிவித்தார்: ஏழாம் நிலை இனி யாருக்கு என்பது அடுத்த செப்டம்பர் கூட்டத்தில் 'பரிசீலிக்கப்படும்'. ஏழாம் நிலை போனால் ஸ்கார்தாலில் அப்புறம் மனிதன் எதற்கு? ஆகவே குழலை மாற்றுவது என்று தீர்மானித்தார்.

குழல் மாற்றுவதைச் சாதாரண வேலை என்று நினைப்பவர்கள் மாற்றிப் பார்த்ததில்லை. நீளம் ஐம்பத்தொன்றா, ஐம்பத்தாறா, அறுபது சென்டிமீட்டரா? கருப்பு எஃகா, எவர்சில்வரா? உள்ளே ஓடும் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று? நவம்பரில் தொடங்கிய 'ஆய்வு' மார்ச்சில் உச்சம் தொட்டது. சாப்பாட்டு மேஜை முழுக்க அட்டவணைகள். குன்வோர் பழுப்புச் சீஸ் தடவிய ரொட்டியை நின்றுகொண்டே தின்றார்.

"இது என்ன, பேரலுக்கு வெளியில ஆறு வரி பள்ளம் வெட்டியிருக்கு?" என்று கேட்டார் ஒருநாள்.

"சூடு சீக்கிரம் தணியும்."

"நீ வேட்டையில வருஷத்துக்கு எத்தனை குண்டு சுடுறே?"

"ஒண்ணு."

"அது தணியறதுக்கு அடுத்த அக்டோபர் வரைக்கும் டைம் இருக்கே!"

இப்படிப்பட்ட மேலோட்டமான விமர்சனங்களுக்கு விஞ்ஞானிகள் பதில் சொல்வதில்லை.

துப்பாக்கி பழுதுபார்க்கும் அஸ்லாக்கும் அதே குழுவில் வேட்டையாடுபவர்தான். பழைய குழலுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல ஒரு குறையும் தெரியலையே?"

"அதான் ஆபத்தே! ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்குது."

அஸ்லாக் யோசித்தார். ஒரு புதுக் குழல் விற்கும் வாய்ப்பு எதிரில் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"ஆமா, இப்பச் சொல்றப்பத்தான் தெரியுது," என்றார் வருத்தத்துடன். "கொஞ்சம் அழுத்தக்காரப் பேரல்தான்."

முடிவில் ஐம்பத்தாறு சென்டிமீட்டர், எவர்சில்வர், ஆறு வரிப் பள்ளம் என்று தேர்வானது. சமையலறை ஜன்னலை மாற்றுவது இரண்டாவது முறையாக ஒத்திவைக்கப்பட்டது. அதோடு நிற்கவில்லை. கூட்டத்தில் சமர்ப்பிக்க எம்ப்ரிக் பதினோரு பக்க அறிக்கை எழுதினார். அதன் முடிவுரை பின்வருமாறு: 'ஒரு குண்டு இலக்கை அடைவதில் குழலின் பங்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. சுடுபவரின் பங்கு இரண்டு. அதுவும் தும்மாமல் இருப்பது.'

ஆகஸ்டில் வருடாந்திரச் சுடும் தேர்வு நடந்தது. நூறு மீட்டரில் அட்டை மான். ஐந்து குண்டு. ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தன. அட்டை மான் யாரையும் திரும்பிப் பார்க்காது என்ற சின்ன விஷயத்தை யாரும் கிளப்பவில்லை.

"பார்த்தியா? நானா சுட்டேன்? பேரல் சுட்டுச்சு!" என்று எம்ப்ரிக் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அடக்கத்துடன் சொன்னார். அடக்கம் எவ்வளவு அபாயமானது என்று அவருக்கு அப்போது தெரியாது.

செப்டம்பர் ஞாயிறு மதியம். வேட்டைக் குடிசையில் எட்டுப் பேரும் கூடினார்கள். கரிபிடித்த கெட்டிலில் காபி கொதித்தது. எம்ப்ரிக் பதினோரு பக்கங்களையும் உரக்க வாசித்தார். ஒன்பதாம் பக்கத்தில் நாய்கூட வெளியே போய்விட்டது.

"அருமை," என்றார் தோர்யூஸ். "இதைக் குழு அப்படியே ஏத்துக்குது. போன வருஷம் தவறவிட்டது பேரல். நீ நிரபராதி."

எம்ப்ரிக்குக்குக் கண் கலங்கியது.

"ஆக, இந்த வருஷம் ஏழாம் நிலை புது பேரலுக்கு."

"எனக்குன்னு சொல்லு."

"உனக்கு எதுக்குப்பா? உன் பங்கு ரெண்டுதானே! தும்மாத ஆள் யார் வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம். குன்வோர், உனக்கு ஜலதோஷம் உண்டா?"

"பதினஞ்சு வருஷமா இல்ல," என்றார் குன்வோர். "நாளைக்கே அந்தத் துப்பாக்கியில அஞ்சு குண்டு போட்டுத் தேர்வை முடிச்சிடறேன்."

"யோவ் தோர்யூஸ், விளையாடாதே! அது என் இடம்யா! பால் லாரி பக்கத்துல நான் உட்காரணுமா?"

"அறிக்கை உன்னோடது, எம்ப்ரிக். தப்புன்னு சொல்லு, கிழிச்சுப் போட்டுடலாம். ஏழாம் நிலை உனக்கே."

எம்ப்ரிக் பக்கங்களைப் பார்த்தார், குன்வோரைப் பார்த்தார். பதினாறு வருட இடம். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"சரி... தப்புதான். பழைய பேரல் மேல ஒரு குத்தமும் இல்ல. அந்த மான் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. எனக்குக் கை வெடவெடன்னு நடுங்கிப் போச்சு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு விசையை இழுத்தேன்." ஒரு பெருமூச்சு. "தவறவிட்டது நான்தான்."

குன்வோரின் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. பல வருடங்களுக்குப் பிறகு, கல்யாணம் செய்துகொண்ட ஆளை மறுபடி பார்த்ததுபோல.

ஆனால் மற்ற முகங்கள் வெளிறிக்கொண்டிருந்தன. முதலில் எழுந்தவர் ஸ்வேனுங். மூன்று வருடங்களாகக் குறிபார்க்கும் ஸ்கோப்பைக் குறை சொல்லி மூன்று ஸ்கோப் வாங்கியவர்.

"இரு, இரு. தவறவிடறது மனுஷன்னு எழுதிட்டா, அப்ப என்னோட ஸ்கோப் கதி?"

"எங்களோட தோட்டா கதி?" என்றார்கள் குழுவின் இரட்டைச் சகோதரர்கள் இருவரும். "பெட்டிக்குப் பெட்டி வேகம் மாறுதுன்னு எத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கோம்!"

"ஒருத்தர் ஒத்துக்கிட்டா அது எல்லாருக்கும் பரவும்," என்றார் அஸ்லாக், கவலையுடன். "அப்புறம் யாரும் எதையும் மாத்த மாட்டாங்க."

ஓரத்தில் இருந்த பள்ளி ஆசிரியர், தான் எப்போதும் குறை சொல்லும் நாயைத் தேடினார். அது வெளியே இருந்தது. தோர்யூஸோ காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் முப்பது மீட்டரில் ஒரு பெண் எல்க் அவரிடமிருந்து தப்பியது. காரணம் மூடுபனி. அந்த மூடுபனியை அவரைத் தவிர அந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாரும் பார்க்கவில்லை.

"இப்படி அவசரப்பட்டு எதையும் பதிவு பண்ண முடியாது," என்றார் மெதுவாக. "எம்ப்ரிக் உணர்ச்சிவசப்பட்டுப் பேசறார். வாக்கெடுப்பு விட்டுடலாம். வாக்குமூலத்தை ஏத்துக்கறவங்க கை தூக்குங்க."

குன்வோரின் கை மட்டும் உயர்ந்தது. கணவரைப் பார்த்தார். அவர் கை மேஜைக்கடியில் இருந்தது.

"பேரல்தான் குற்றவாளிங்கறவங்க?"

ஆறு கைகள் உயர்ந்தன. பிறகு ஆறு முகங்களும் எம்ப்ரிக்கின் பக்கம் திரும்பின, அத்தனை பரிவோடு. வா, உள்ளே கதகதப்பாக இருக்கிறது என்று அழைப்பதுபோல.

இந்தப் பக்கம் ஏழாம் நிலை. அந்தப் பக்கம், வாழ்நாள் முழுவதற்கும் நிரபராதி என்ற பட்டம்.

எல்க்கின் முன்னால் அப்படி நடுங்கிய கை, துளிகூட நடுங்காமல், ஏழாவதாக உயர்ந்தது.