நூற்றுக்குப் பதினொன்று

கம்ப்யூட்டர் திரையில் மாப்பிள்ளையின் கை தாலியோடு அப்படியே நின்றுவிட்டது. கீழே, எவ்வளவு வேலை முடிந்தது என்று ஓடிக்கொண்டிருந்த கணக்கும் நூற்றுக்குப் பதினொன்றில் நின்றது. சிவப்பிரகாசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கை அசையவில்லை. அப்புறம் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை வெள்ளையாக எழுத்து வந்தது.

"என்னப்பா எழுதியிருக்குது, படி."

"இதெல்லாம் படிக்கிறதுக்கு இல்லண்ணா," என்றான் அரவிந்தன். "செத்துப் போச்சுன்னு அர்த்தம்."

மரக்காணத்தில் இருபது வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவர் சிவப்பிரகாசம். இந்தத் தடவை எடுத்தது சொந்த மகள் பூவிழியின் கல்யாணம். அனுமந்தைக்காரரான சம்மந்தி சுப்ராயன், பாண்டிச்சேரியிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்றார். "பொண்ணப் பெத்தவன் மணவறையில நிக்கணும். ஸ்டூல் மேல நிக்கக் கூடாது" என்றும் சொன்னார். சிவப்பிரகாசம் கேட்கவில்லை. ஸ்டூல் மேல்தான் நின்றார்.

மாப்பிள்ளை அறிவழகன் வெள்ளிக்கிழமை மஸ்கட் போகிறான். திரும்பி வர ரெண்டு வருஷம். சி.டி. கையில் இல்லாமல் அவன் விமானம் ஏறினால், சுப்ராயன் அந்த ரெண்டு வருஷமும் பூவிழியை உட்காரவைத்து அதையே பேசுவார். அந்த ஆள் அப்படிப்பட்டவர்.

பூ விழுவது, இதயத்துக்குள் மாப்பிள்ளை முகம் சுற்றுவது என்று வேலைப்பாடெல்லாம் போட்டால், கம்ப்யூட்டர் தன் போக்கில் முடிக்க ரெண்டு நாள் ஆகும். நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. அதற்குத்தான் அரவிந்தன் வந்தான். பாண்டிச்சேரியில் டிப்ளமா படித்ததாகச் சொல்வான். படித்ததை யாரும் பார்த்ததில்லை.

"ஓவர்க்ளாக் பண்ணிடலாம்ணா. செஞ்சவன் ரெண்டு புள்ளி நாலு வேகம்னு எழுதி அனுப்பியிருக்கான். நாம ரெண்டு புள்ளி எட்டுல ஓட்டலாம்."

"செஞ்சவனுக்கு அது தெரியாதா?"

"தெரியும். சொல்ல மாட்டான்."

சிவப்பிரகாசம் எந்தக் கம்பெனியையும் நம்பாதவர். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் அரவிந்தன் ஏதோ நம்பரை மாற்றிவிட்டு ஓடவிட்டான். ஓடியது. கணக்கு மளமளவென்று ஏறியது. சிவப்பிரகாசம் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். காலையில் உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு, மத்தியானம் அவர் வீடியோ கடையைப் பெருக்க வரும் சின்னப்பாப்பா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள்.

"செஞ்சவன் சொன்னதவிட வேகமா ஓடுது, பாரு," என்றார் சிவப்பிரகாசம்.

"எங்கண்ணா கத்துக்கிச்சு இவ்ளோ வேகம்?" என்று கேட்டாள்.

அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பதினொன்றில் நின்றது அப்போதுதான்.

"மெமரிதாண்ணா பிரச்சினை," என்றான் அரவிந்தன். "போர்டு வேகமா ஓடுனா மெமரியும் கூடவே ஓடணும். இது பழைய மெமரி. மூச்சு வாங்குது."

திங்கட்கிழமை வேகமான மெமரி ஒன்று வாங்கி வந்து பழையதற்குப் பக்கத்தில் சொருகினான். ஸ்விட்சைப் போட்டதும் மிஷின் விட்டு விட்டு நீளமாகக் கூவியது. திரை வரவேயில்லை.

"எதுக்குக் கூவுது?"

"மெமரி தெரியலையாம். இது ஒரு வேகம், அது ஒரு வேகம். ஒரே கட்டுமரத்துல ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் துடுப்புப் போட்டா எப்படி?"

"அப்ப ஒருத்தன எறக்கி விடு."

பழையதை இறக்கினான். கூவியது. புதியதை இறக்கிவிட்டுப் பழையதைப் போட்டான். அதற்கும் கூவியது. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான். தங்க நிறப் பல்லெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

"கடல் காத்துண்ணா. உப்புப் பூக்குது."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ரப்பர் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். மறுபடி போட்டதும் திரை வந்துவிட்டது. ஒரு ரப்பரால் உயிர் கொடுக்கிறானே என்று சிவப்பிரகாசத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவனுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். கடல் காற்று வராமல் ஜன்னல் இடுக்கிலெல்லாம் செய்தித்தாளை அடைத்தார்.

அறை உலையாகிவிட்டது. கணக்கு ஒன்பது வரைக்கும் போயிற்று. மாப்பிள்ளை மணவறைக்கே வரவில்லை, நீலம் வந்துவிட்டது.

"முன்ன தாலி வரைக்குமாவது போச்சுப்பா," என்றார் சிவப்பிரகாசம்.

கடையைப் பெருக்கிக்கொண்டிருந்த சின்னப்பாப்பா நிமிர்ந்தாள். "திரும்பவும் நின்னுடுச்சாண்ணா?"

"நின்னுடுச்சு."

அவள் மிஷினைப் பார்த்துக்கொண்டே பெருக்கினாள்.

செவ்வாய்க்கிழமை அரவிந்தன் வேறு முடிவுக்கு வந்தான். "மெமரி மேல தப்பில்லண்ணா. இந்த போர்டுக்கு அது ஒத்துக்கல. போர்டையே மாத்திடலாம்."

புது போர்டு வந்தது. பழைய போர்டைக் கழற்றும்போது மெமரி சொருகும் இடத்தில் ஈரம் பிசுபிசுத்தது. அரவிந்தன் விரலில் தேய்த்துப் பார்த்து, "என்னா ஊருண்ணா இது, காத்துலயே குழம்பு வைக்கலாம் போல இருக்குது" என்றான். புது போர்டைப் பொருத்தி மெமரியைச் சொருகப் போனான். இறங்கவில்லை. மெமரியில் வெட்டு ஒரு இடத்தில் இருந்தது, போர்டில் மேடு வேறு இடத்தில் இருந்தது.

"அரம் இருக்குது, எடுத்தாரட்டா?" என்றார் சிவப்பிரகாசம். "மேட்ட ராவிடலாம்."

"அண்ணா, தயவு செஞ்சு அத மட்டும் தொடாதீங்க. இது வேற ஜாதி மெமரி கேக்குது."

ஒரே பெட்டியில் ஜோடியாக வந்த மெமரி வாங்கினார்கள். போர்டு மாறியதால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும் என்றான். ஏற்றியிருந்த கல்யாணமும் அதோடு போயிற்று. கேசட்டைப் போட்டு மூணு மணி நேரம் மறுபடி ஏற்றினார்கள். சிவப்பிரகாசம் மகள் கல்யாணத்தை ஐந்தாவது தடவையாகப் பார்த்தார். ஸ்டூலை விட்டு இறங்கியிருக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

புதன்கிழமை காலை ஸ்விட்சைப் போட்டார்கள். புது போர்டு, புது மெமரி. நீளமாகக் கூவியது.

அரவிந்தன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிவப்பிரகாசம் கதவைச் சாத்திவிட்டு அவன் எதிரில் வந்து நின்றார்.

"உண்மையைச் சொல்லு. சுப்ராயன் உனக்கு ஏதாவது சொல்லி அனுப்புனாரா?"

"யாரு சுப்ராயன்?"

"அப்ப சரி. நீ கத்துக்குட்டி, அவ்ளோதான்."

"மெமரிய எழுதியிருக்கிற வேகத்துலயே விட்டுப் பாத்தாச்சு, கொறச்சும் பாத்தாச்சு, எடம் மாத்தியும் பாத்தாச்சுண்ணா," என்றான். "வெள்ளை மட்டும் பூத்துக்கிட்டே இருக்குது. பாண்டியிலயும் இதே கடல்தான். அங்க எந்த மிஷினும் இப்படி வேர்க்கல."

அவன் அழுதுவிடுவானோ என்று சிவப்பிரகாசத்துக்குப் பயமாகிவிட்டது. ஜன்னலில் அடைத்த தாளைப் பிடுங்கிப் போட்டார். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்தார். "இதையாவது வச்சுப் பாரு."

ஃபேன் காற்று நேராக உள்ளே இறங்க வேண்டுமென்று அரவிந்தன் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, திறந்த பக்கம் மேலே வரும்படி மிஷினைத் தரையில் படுக்கவைத்தான். நிமிர்ந்து நிற்கும்போது அதன் முன்பக்கத்தில் மேலே வரும் ஒரு மூடி எப்போதோ கழன்று விழுந்து, கை நுழையும் அளவுக்குப் பொந்து உண்டு. உள்ளே பல்லி குடியிருக்கிறது என்று அதில் யாரும் கை விடுவதில்லை. இருவரும் அதன் பக்கம் போகாமல், மெமரியை மட்டும் கடைசியாக ஒரு தடவை ரப்பரால் துடைத்துச் சொருகினார்கள்.

ஸ்விட்சைப் போட்டார்கள். கூவவில்லை.

"வேகத்த ஏத்துப்பா."

"வேணாம்ணா, ஓடுறது ஓடட்டும்."

"வெள்ளிக்கெழம பிளேன். ஏத்து."

ஏற்றினான். ஒன்பது வந்தது. பத்து வந்தது. பதினொன்றில் அறிவழகன் கை தாலியோடு உயர்ந்தது. கை பூவிழியின் கழுத்துப் பக்கம் போயிற்று, முடிச்சு விழுந்தது, மேளம் கொட்டியது, பூ பூவாகத் திரை முழுக்கக் கொட்டியது. சிவப்பிரகாசம் ஸ்டூல் மேலிருந்து பார்த்தபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சி.டி. சூடாக வெளியே வந்தது. அறிவழகன் வந்து, போட்டுப் பார்த்து, "பாண்டிக்காரங்க இவ்ளோ சுத்தமா எடுக்க மாட்டாங்க மாமா. அப்பாவுக்கும் ஒண்ணு குடுங்க" என்று ரெண்டாக வாங்கிக்கொண்டு போனான்.

சிவப்பிரகாசம் மிஷின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எப்படிப்பா ஓடுச்சு?"

"சத்தியமா தெரியலண்ணா." அரவிந்தனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஜோடி மெமரி லேட்டா செட்டாகியிருக்கும். இல்லன்னா அதுக்குப் படுத்தாதான் சொகமோ என்னவோ."

படித்தவனே தெரியவில்லை என்று சொன்னதும் சிவப்பிரகாசத்துக்கு அதன் மேல் பக்தி இன்னும் கூடியது. பொட்டு வைப்போம் என்று எழுந்து, அதை மெதுவாகத் தூக்கி நிமிர்த்தி வைத்தார்.

உள்ளேயிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சரியாக மெமரி மேல் விழுந்தது. அப்புறம் இன்னொரு சொட்டு.

அரவிந்தன் எட்டிப் பார்த்தான். சிவப்பிரகாசம் சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பொந்தைப் பார்த்தார்கள்.

வாசலில் சின்னப்பாப்பா மடியில் எதையோ பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"தண்ணி விட்டுடுச்சாண்ணா, பரவால்ல, புதுசு அள்ளியாந்திருக்கேன். மொத நாளு கண்ணு படக் கூடாதுன்னு ஒரே ஒரு பிடி உப்புதான் அந்தப் பொந்துல வச்சேன், அப்பறம் அது நின்ன ஒவ்வொரு தபாவும் ஒரு பிடி சேத்து வச்சேன், பாத்தீங்களா, கடைசில ஓடிடுச்சு."