ஏழு தடவை குறுக்கே போன துரைசானி

மூளை அதிகமாக இருப்பவர்களால்தான் குடும்பத்தில் குழப்பம் வருகிறது என்பது என் அனுபவம். அந்த மூளைக்காரி நானே என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சேலம் டவுனில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஐம்பதுகளின் நடுவில் உத்தனப்பள்ளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அந்த ஊருக்குப் புத்தி சொல்லத்தான் கடவுள் என்னை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (வயது பத்தொன்பது. அந்த வயதில் யார்தான் அப்படி நினைக்கவில்லை?)

நான் புகுந்தது பட்டுப்புழு வளர்க்கும் வீடு. பின்னால் மல்பெரித் தோட்டம், உள்ளே ஒரு அறை முழுக்க மூங்கில் தட்டுகள், தட்டு முழுக்கப் புழுக்கள். எலிக்குப் பட்டுப்புழு என்றால் கல்யாணப் பலகாரம் மாதிரி. அதனால் அந்த வீட்டில் பூனைக்கு என்னைவிட மரியாதை அதிகம். வெள்ளை வெளேரென்று இருந்ததாலும், யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காததாலும் அதற்குத் துரைசானி என்று பெயர்.

அவள் நடையைச் சொல்ல வேண்டும். பித்தளைச் சாமான் அடுக்கிய பரண்மேல் ஒரு கிண்ணம்கூடக் கிணுங்காமல் போவாள். அதே பரணில் நான் ஒரு சொம்பை எடுக்கப் போனால் நான்கு சொம்பு கீழே வரும். உறி ஆடாது, ஆனால் உறியிலிருக்கும் வெண்ணெய் குறைந்திருக்கும். மாமியார் விளக்குமாற்றைத் தேடுவதற்குள் துரைசானி அடுப்போரத்தில் கண்ணை மூடித் தவம் இருப்பாள். மீசையில் மட்டும் வெண்ணெய் மிச்சம் இருக்கும். ஆனால் ஒரு புழுவைக்கூடத் தொட்டதில்லை. அதற்காகவே அவளுக்குச் சாதத்தில் பால் ஊற்றினார்கள். (எனக்கு மோர்.)

அவளிடம் ஒரே ஒரு கெட்ட குணம். வீட்டுக்கு யாராவது நல்ல காரியமாக வந்தால், அவர்கள் குறுக்கே போவாள். என் நாத்தனார் ராஜம்மாவைப் பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டம் இப்படித் தெருவோடு திரும்பிப் போயிருந்தது. பூனை குறுக்கே போன வீட்டில் கை நனைக்க முடியுமா?

மூன்றாவதாக ஜவளகிரியிலிருந்து வரப்போகிறார்கள் என்று சேதி வந்தது. பையன் பெயர் திம்மராயன். ராகி, அவரை விளைகிற நிலம், கொஞ்சம் மாடு. முதல் நாள் மல்பெரி இலை நறுக்கிக்கொண்டிருந்தபோது ராஜம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அண்ணி, அவர நான் பாத்திருக்கேன். ஓசூரு தேர்ல வடம் புடிச்சாரு. என்னையும் பாத்தாரு. இந்த வாட்டியும் இது குறுக்க போயிட்டா, அப்புறம் யாரு வந்தாலும் நான் வந்து நிக்க மாட்டேன்."

வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் என்னைக் கேலி செய்யாத ஒரே ஜீவன் அவள்தான். அவளுக்காக எதையும் செய்வேன் என்று தோன்றியது.

மாமியார் வேலை பிரித்தார். போண்டா அவர், அலங்காரம் பக்கத்து வீட்டம்மா, வரவேற்பு என் வீட்டுக்காரர். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம் சரோஜா. பூனைய மட்டும் பாத்துக்கோ."

துரைசானி அப்போது நான்கு குட்டி போட்டிருந்தாள். சாமான் அறையில், ஒரு பழைய இலைக்கூடைக்குள். என் சேலத்து மூளை வேலை செய்தது. குட்டி இருக்கும் இடத்தில்தானே தாய் இருக்கும்? தெருவுக்கு எதிர்ப்பக்கம் எங்கள் மாட்டுக் கொட்டகை. காலையிலேயே நான்கு குட்டிகளையும் மடியில் கட்டிக்கொண்டு போய் வைக்கோலில் விட்டேன். துரைசானி பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்திக் கொக்கி போட்டேன். கைதட்டி என்னை நானே பாராட்டிக்கொள்ளாத குறை.

முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரத்தோடு மாமியாரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். போண்டா மாவு அவர் கையிலிருந்து வழிந்தது.

"குட்டியக் கையால தொட்டியா?"

"தொடாம எப்படி அத்தை தூக்கறது?"

"அடிப்பாவி, மனுசக் கை பட்டா அது குட்டிய ஏழு எடம் மாத்துமே."

அவர் சொல்லி முடிக்கவும் தெருவில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. ஜவளகிரிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் தாய்மாமன் முனியப்பா. சகுனம் பார்ப்பதில் தளி வட்டாரத்திலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லையாம். வீட்டு வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது கொட்டகைக் கூரைச் சந்திலிருந்து ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. வாயில் குட்டி. துரைசானி இறங்கினாள், ராணி மாதிரி தெருவைக் கடந்தாள், வீட்டுக்குள் போனாள்.

முனியப்பா கையை விரித்துக் கூட்டத்தை நிறுத்தினார். "ஒந்து" என்றார். (அவருக்குப் பேச்சு தமிழில், எண்ணிக்கை கன்னடத்தில்.)

திரும்பிப் போய்விடுவார்கள் என்று என் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் முனியப்பா சாஸ்திரம் முழுக்கத் தெரிந்தவர்.

"எல்லாரும் உக்காருங்க. தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பினா தோஷம் கம்மியாகும்."

புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொண்டு போனேன். குடித்து எழுந்ததும், துரைசானி வெறும் வாயோடு வெளியே வந்து கொட்டகைக்குத் திரும்பினாள்.

"எரடு. போனது திரும்பிட்டுது. கழிஞ்சு போச்சு, வாங்க" என்றார் முனியப்பா மகிழ்ச்சியாக.

நான்கு அடி வைத்திருப்பார்கள். இரண்டாவது குட்டி கிளம்பியது. "மூரு. உக்காருங்க." மறுபடி தண்ணீர். துரைசானி திரும்பினாள். "நால்கு. எழுந்திரிங்க." மூன்றாவது குட்டி. "ஐது. உக்காருங்க." மறுபடி தண்ணீர். இப்படியே ஊர்ச் சனமெல்லாம் வேடிக்கை பார்க்க, ஜவளகிரிக்காரர்கள் தெரு நடுவில் தோப்புக்கரணம் போடுகிறவர்கள் போல உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்கள். மரியாதைக்குப் பயந்த திம்மராயன் ஒவ்வொரு தடவையும் சொம்பைக் காலி செய்துகொண்டிருந்தார்.

நான்காவது குட்டியும் உள்ளே போனது. "ஏளு" என்றார் முனியப்பா. உட்கார்ந்தார்கள். குடித்தார்கள். காத்திருந்தார்கள். பூனைக்கு எண்ணத் தெரியாது, எதற்கும் இன்னொரு தடவை போய்ப் பார்க்கும் என்று நான் நம்பினேன். துரைசானிக்கு எண்ணத் தெரிந்திருந்தது. உள்ளே குட்டிகளை நக்கிக்கொண்டு படுத்துவிட்டாள்.

"ஏழு ஒத்தப்படை. ஒண்ணு கழியாம நிக்குது" என்று முனியப்பா துண்டை உதறினார். "நாங்க இன்னொரு நாளைக்கு வர்றோம்."

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ராஜம்மாவின் முகம் தெரிந்தது. அழவில்லை, பூவைத் தலையிலிருந்து எடுக்கத் தொடங்கியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள் மிச்சமிருந்த புத்தியும் போய்விட்டது. உள்ளே ஓடி ஒரு குட்டியை எடுத்துக்கொண்டு, பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, சம்பந்தி வீட்டார் முன்னால் தெருவைக் கடந்து ஓடினேன். துரைசானி கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சாணிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, கூரைச் சந்தை முதுகால் அடைத்து நின்றேன்.

"எண்ட்டு" என்று வெளியே குரல் கேட்டது. "ஜோடி சேந்துட்டுது. வாங்க போலாம்." அடுத்த மூச்சிலேயே நிறுத்தினார். "இருங்க. அந்தப் பொண்ணு குறுக்க போச்சே, அத எதுல சேக்கறது?"

"அது எங்க மருமக. பூனை இல்லீங்க" என்றார் மாமியார். அந்த வீட்டில் அவர் எனக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"கையில பூனை இருந்துதே. அதுவும் திரும்பி வந்தாத்தான் கணக்கு நேராகும்."

நான் வந்தால் பூனையும் வரும். பூனை வந்தால் ஒன்பது. ஒன்பதை நேராக்க நான் மறுபடி குட்டியோடு ஓட வேண்டும். அந்தக் கணக்குக்கு விடை இல்லை என்பது எட்டாவது படித்த எனக்கே புரிந்தது. துரைசானி என் முதுகில் ஏறி வழி கேட்டுக்கொண்டிருந்தாள், நகத்தால்.

அப்போதுதான் திம்மராயன் எழுந்தது கதவு இடுக்கு வழியாகத் தெரிந்தது. நான்கு சொம்புத் தண்ணீருக்குமேல் மனிதனால் சாஸ்திரம் பார்க்க முடியாது. யாரையும் பார்க்காமல், விறுவிறுவென்று எல்லோருக்கும் குறுக்கே தெருவைக் கடந்து கொட்டகைக்குப் பின்னால் போனார். மாப்பிள்ளையே குறுக்கே போனால் என்ன சகுனம் என்று முனியப்பாவின் சாஸ்திரத்தில் இல்லை போலிருக்கிறது.

சற்று நேரத்தில் பலகை இடுக்கு வழியாக ஒரு குரல் வந்தது.

"தங்கச்சி, உள்ள இருக்கியா?"

"இருக்கேன்."

"தேர்ல பச்சை ரவிக்கை போட்டுக்கிட்டு நின்னுதே, அந்தப் பொண்ணுதானே?"

"அவதாங்க."

"அப்ப பூனையக் கெட்டியாப் புடிச்சுக்கோ."

சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து நேராக எங்கள் வீட்டுக்குள்ளேயே போய்விட்டார். மாப்பிள்ளை போன பிறகு மற்றவர்கள் தெருவில் நின்று என்ன செய்வார்கள்? பின்னாலேயே போனார்கள். அன்றைக்கே தாம்பூலம் மாற்றினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை. கடைசி போண்டா தீரும்வரை அந்தக் கூடைமேல் நின்றிருந்தேன். இலை எடுத்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்குப் பெண்டாட்டி ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தவர், சாணியும் கீறலுமாக நின்ற என்னைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்றார்.

ராஜம்மா அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில், முகூர்த்தப் பட்டில் சாணி படாமல் மிச்சமிருந்த இடமும் நனைந்தது.

போன மாதம் ஓசூரில் அவள் பேரனுக்குக் கல்யாணம். ஏ.சி. மண்டபம். எறும்பு நுழைவதென்றால்கூட வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும். யார் யாருக்கு என்ன வேலை என்று ஒரு தாள் எழுதி ஒட்டுவது எங்கள் இரண்டு குடும்பத்திலும் வழக்கம். எழுதுவது திம்மராயன் அண்ணன், நடுங்குகிற கையால். பந்தி, தாம்பூலம், சந்தனம் என்று வரிசையாகப் பெயர்கள். கடைசி வரியில், இந்த அறுபது வருஷமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் எழுதுகிற மாதிரியே, "பூனை: சரோஜா" என்று இருந்தது. சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் பெண் வீட்டார் கார் வந்து நிற்கிற நேரத்துக்குப் போய் வாசலில் நின்றுகொண்டேன். ராஜம்மா வீட்டுக் காரியம், யாரை நம்பி விடுவது?