இரண்டு லிட்டர் எஞ்சினும் முள்ளங்கிப் பீப்பாயும்

சப்போரோவில் குளிர்காலமெல்லாம் பனியை அள்ளி அள்ளியே மல்லனாகிவிட்ட என் அக்கா மகன் ரியோஹெய்க்கு, மட்ஸுமோட்டோவிலிருந்து தாய்மாமன் குமகாய் டொராவோ எழுதுவது. இங்கே ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. நான் நலம். உன் அத்தை சவே அதைவிட நலம். இப்போதைய சிக்கலே அதுதான்.

மாப்ளே, அறுபத்தொரு வயதில் உன் மாமன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறான்! விற்பனையாளர் நெஸு கொடுத்த விவரப் புத்தகத்தை நாற்பது முறை படித்து, ஒருமுறை குளியல் தொட்டியிலும் முக்கிவிட்டேன். ஒன்றரை லிட்டர் எஞ்சின், சாதா ரகம், தானியங்கி கியர்: இது அத்தை கட்சி. இரண்டு லிட்டர் டர்போ, உச்ச ரகம், சிவப்பு பிரேக், பந்தயக்காரர் இருக்கை, பின்னால் கழுகுபோல ஓர் இறக்கை, கையால் போடும் கியர் மட்டுமே: இது என் கட்சி. அந்த எஞ்சினை நெஸு முடுக்கிக் காட்டியபோது எதிர்க் கடையில் சோபா நூடுல்ஸ் கிண்ணத்தை விட்டு எழுந்து நின்றது, என் வழுக்கையில் மூன்று முடி முளைத்தது, சத்தியம்! அந்த உற்சாகத்தில் பந்தய இருக்கையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது நான், எழுப்பியது மூன்று பேர். நெஸு ஒரு கையை இழுத்தபடி, "சார், மூச்சை வெளிய விடுங்க, இடுப்பு கொஞ்சம் சுருங்கும்" என்கிறார். உன் அத்தையோ, "விடுங்க தம்பி, அங்கயே இருக்கட்டும். மூணு வேளையும் சோத்துப் பொட்டலம் கொண்டாந்து குடுத்துடறேன்" என்கிறாள்.

சரி, வீட்டுக்கு வந்து, கார் வாங்குமுன் போலீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டிய நிறுத்துமிட வரைபடத்தை வரைந்தால், சாதா ரகம் கச்சிதமாக அடங்குகிறது. உச்ச ரகத்தின் இறக்கை மட்டும் பதினான்கு சென்டிமீட்டர் நீண்டு, நேராக அத்தையின் முள்ளங்கி ஊறுகாய்ப் பீப்பாயில் போய் முட்டுகிறது. வரைபடத்தில் பீப்பாயை அழித்தேன். பார்த்துவிட்டாள்.

"என்னங்க, பீப்பாய் எங்க?"

"அது... நகர்ற பொருள்தானே, சவே."

"நீங்களும் நகர்ற பொருள்தான். ஞாபகம் இருக்கட்டும்."

ஆக வீட்டில் ஒன்றுக்கு ஒன்று. முடிவு உன் ஒற்றை வாக்கில் இருக்கிறது. சனிக்கிழமை காலண்டரில் தையான், அதைவிட நல்ல நாள் கிடையாது; அன்றுதான் வாங்கும் ஒப்பந்தத்தில் முத்திரை குத்துகிறோம். அதற்குள் 'இரண்டு லிட்டர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போடு. உன் சம்பளம் டர்போ போல ஏறட்டும், மலையேற்றத்திலும் உன் ஆயுள் மூச்சிரைக்காமல் போகட்டும்.

இப்படிக்கு, மலைப்பாதைகளின் வருங்கால மன்னன்,
டொராவோ மாமா

பி.கு.: உன் வாக்கு வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நெஸு காகிதங்களோடு வந்து என் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டார். பார்த்தவர், "சார், இதுல தானியங்கி வண்டி மட்டும்னு போட்டிருக்கே?" என்றார். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் பயிற்சிப் பள்ளியில் கிளட்ச் என்னை அழவைத்ததை நான் மறந்துவிட்டேன், மாப்ளே, உரிமம் மறக்கவில்லை. உன் அத்தை உள்ளே போய்த் தன் உரிமத்தை எடுத்துவந்தாள். அதில் எந்தத் தடையும் இல்லை. "எங்கப்பாவோட ஆப்பிள் லாரியை இந்த மலையில கியர் போட்டு ஓட்டுன கை இது. குடுங்க" என்று, சனிக்கிழமை வரைக்கும்கூடப் பொறுக்காமல், இரண்டு லிட்டருக்கே முத்திரை குத்திவிட்டாள். பீப்பாயையும் அவளே உருட்டி என் படிப்பறையில் வைத்துவிட்டாள். ஓட்டப்போவது அவள், பக்கத்துப் பந்தய இருக்கையில் நான். விடுமுறைக்கு அவசியம் வா. வெளியே இழுக்க ஆள் வேண்டும்.