மங்கலாக வந்திருந்தவர்கள்

ஒரு காட்டில் மூன்று கல்யாண மண்டபங்கள் இருந்தன; கேமராக்காரர் மட்டும் ஒருவர்தான். அவர் ஒரு கொக்கு. பெயர் நெட்டையப்பன். ஒற்றைக் காலில் மணிக்கணக்காக ஆடாமல் அசையாமல் நிற்பது அவருக்குப் பிறவியிலேயே வந்ததால் தனியாக ஸ்டாண்டு தேவைப்படவில்லை. கழுத்தை நீட்டினால் தூரத்துக் காட்சி, மடக்கினால் குளோசப். இப்படி ஓர் உடம்பை வைத்துக்கொண்டு அவர் பாதி ஆயுளை மீன் பிடிப்பதில் கழித்துவிட்டாரே என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அவருடைய பழைய கேமராவுக்கு ஒளிவு மறைவு தெரியாது. முன்னால் நிற்பவரையும் காட்டும், பின்னால் நிற்பவரையும் காட்டும், அவர் பல் குத்துவதையும் காட்டும். படம் மூன்றரை மணி நேரம் ஓடும். அதில் பாதி பந்தியிலேயே ஓடும். இலைக்கு இலை நின்று, வாய் நிறையச் சோற்றோடு இருப்பவரை நிமிர வைத்து, அவர் மென்றுகொண்டே சிரிக்கும்வரை நெட்டையப்பன் நகர மாட்டார். கலை என்று பார்த்தால் ஒன்றும் தேறாது.

ஆனால் அந்தக் காட்டில் கலைக்காக யார் கல்யாண வீடியோ பார்த்தார்கள்? யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தார்கள். பத்திரிகையில் எல்லாரும் ‘அன்பளிப்பைத் தவிர்க்கவும்’ என்று போட ஆரம்பித்ததிலிருந்து மொய் நோட்டும் ஒழிந்துவிட்டது. ஆகவே வந்ததற்குச் சாட்சி வீடியோ மட்டுமே. அதில் ஒருவர் முகம் இருந்தால் அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் போக வேண்டும். முகம் இல்லையா, நிம்மதியாக வீட்டில் படுத்திருக்கலாம்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஏரிக்கரையில் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. நெட்டையப்பன் நாணலுக்குள் நின்று ஐந்து நாள் வேடிக்கை பார்த்தார். ஆறாம் நாள் பழைய கேமராவைப் பரணில் போட்டுவிட்டு டிஜிட்டல் சினிமா கேமரா ஒன்றை வாங்கிவந்தார். பேச்சும் மாறிவிட்டது.

“எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சா அது வீடியோ. பின்னால இருக்கிறது பூரா வெண்ணெய் மாதிரி உருகித் தெரிஞ்சாத்தான் அது சினிமா” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கேமராவுக்கு முதலில் மாட்டியது மரகதவல்லி வீட்டுக் கல்யாணம். மரகதவல்லி ஒரு கடமான். வாய்த்துடுக்கும் வசதியும் கொஞ்சம் கூடுதலாகவே உள்ள கடமான். மகள் சித்திரைக்கு மலைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தாள்.

அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருந்தார். கொம்பையா என்று பெயர். இருவருக்கும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மரகதவல்லி வீட்டு விசேஷம் ஒன்றில் இவர் இலைக்கு வரும்போது பாயசம் தீர்ந்துபோனதாம். அதற்குப் பத்து வருஷமா என்று கேட்காதீர்கள். பாயசத்துக்காக இருபது வருஷம் பேசாதவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது கொம்பையாவுக்கு ஒரு நெருக்கடி. அவர் மகன் தம்பிரானுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று விளக்குப் பிடிக்க ஒரு பெண் வேண்டும். தம்பிரானுக்கு அக்கா தங்கை யாரும் இல்லை. அத்தை முறைக்கு இருப்பது மரகதவல்லி ஒருத்திதான். பெண் வீட்டுக்காரர்கள் வேறு, “உங்க தங்கச்சி வந்துருவாங்கல்ல?” என்று வாரத்துக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வராவிட்டால் மகன் மணவறையில் அநாதையைப்போல உட்கார்ந்திருப்பானே என்று நினைத்தாலே கொம்பையாவுக்கு இலைதழை இறங்கவில்லை. ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மூன்று நாள் மலையேறி சித்திரையின் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தார்.

முகூர்த்த நேரத்தில் முண்டியடித்து மேடையேறி சித்திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். நெட்டையப்பன் இறக்கையை வீசினார்.

“பெரியவரே, கொஞ்சம் பின்னால போங்க. பொண்ணோட மூக்குத்திக்கு ஃபோகஸ் வச்சிருக்கேன்.”

“பின்னால நின்னா நான் படத்துல தெரிவனா தம்பி?”

“என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? பேக்ரவுண்டே நீங்கதானே!”

கொம்பையாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நான்கடி பின்னால் போய், தாலி கட்டி முடியும்வரை கேமராவையே பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார். இறங்கும்போது மரகதவல்லி எதிரே வந்தாள். “வாங்க வாங்க, சாப்பிட்டுப் போங்க” என்றாள். பத்து வருஷத்துக்குப் பிறகு தங்கை வாயிலிருந்து வந்த சொல். அவருக்குக் கண் கலங்கியது. அன்று காலையிலிருந்து அவள் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைக்கூட அப்படித்தான் அழைத்துக்கொண்டிருந்தாள் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

பதினைந்து நாள் கழித்து மரகதவல்லியின் குகையில் பெரிய டிவியில் படத்தைப் போட்டார்கள். அவளுடைய அதிகாரம் தெரிந்த சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. மொத்தம் பதினோரு நிமிஷம்தான். மூக்குத்தி மின்னியது. சித்திரையின் இமையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழலாமா வேண்டாமா என்று அரை நிமிஷம் யோசித்தது. அட்சதை ஒவ்வொரு அரிசியாக, அவசரமே இல்லாமல், காற்றில் மிதந்து வந்தது. காடே வாயைப் பிளந்தது. உண்மையிலேயே அழகான படம்தான். அதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

படம் முடிந்ததும் மரகதவல்லி கேட்டாள்: “எல்லாம் சரி. வந்தவங்க எங்க?”

மறுபடி ஓடவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தெளிவு. அவர்களுக்குப் பின்னால் ஊரே உருகி ஓடியிருந்தது. பச்சையாக ஒரு தீற்றல், கறுப்பாக ஒரு தீற்றல், சித்திரையின் இடது தோளுக்குப் பின்னால் பழுப்பாக ஒரு திட்டு.

“முகம் தெரியாதவங்க வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன்” என்று மரகதவல்லி அறிவித்தாள்.

கொம்பையா பதறிப்போய் எழுந்தார். “மரகதம், அந்தா பழுப்பா நிக்குதுல்ல, அது நான்தாம்மா!”

“அண்ணே, நீங்க வந்திருந்தீங்களா?”

அந்தக் கேள்வியில் கொம்பையா ஆடிப்போனார். மூன்று நாள் மலையேறிய கால் அப்போதுதான் வலித்தது.

“நீதானம்மா சாப்பிட்டுப் போங்கன்னு சொன்னே?”

“அது எல்லாருக்கும் சொன்னதுண்ணே. அதுல கொம்பைக் காணோமே?”

“இது கொம்பு உதிர்ற பருவம். உனக்குத் தெரியாததா?”

அதற்குள் சடையாண்டி நரி குறுக்கே விழுந்தது. “பெரியவரே, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பழுப்பு நான்.”

சடையாண்டி கல்யாணத்தன்று தன் வளையில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் யாரையும் போட்டுக்கொடுக்கிறவன் இல்லை. கதைக்குத் தேவை என்பதால் சொல்கிறேன். அடுத்த மாதம் அது புது வளைக்குப் பால் காய்ச்சுகிறது. மரகதவல்லி வராவிட்டால் மதிப்பாக இருக்காது.

வாக்குவாதம் முற்றியது. “ஒரிஜினலைப் போடச் சொல்லுங்க, குட்டு வெளிப்பட்டுரும்” என்றார் கொம்பையா. நெட்டையப்பனை அழைத்துவந்தார்கள். அவர் தயங்கித் தயங்கிப் போட்டார். திரையில் எல்லாமே சாம்பல். பட்டுப்புடவை சாம்பல், மாலை சாம்பல், மஞ்சள் கயிறும் சாம்பல். எல்லாருக்கும் துக்க வீட்டுக்கு வந்ததுபோல் ஆகிவிட்டது.

“கேமராவுல இருந்து இப்படித்தான் வரும்” என்றார் நெட்டையப்பன். “அப்புறம் கம்ப்யூட்டர்ல உக்காந்து நாமளாத்தான் கலர் ஏத்தணும். அந்தத் திட்டுக்குப் பழுப்பு பொருத்தமா இருந்துச்சு. ஏத்திட்டேன்.”

“அப்ப அது பழுப்பு இல்லையா?” என்று பின்வரிசையிலிருந்து அங்கம்மாள் யானை துதிக்கையைத் தூக்கினாள். “சாம்பல்னா அது நான்தான்.”

“நீங்க எப்படி அத்தனை சின்னதா இருப்பீங்க?” என்றார் கொம்பையா.

“தூரத்துல நின்னேன்.”

அதன் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. காட்டெருமை எழுந்தது, கீரி எழுந்தது, மயில்கூட “கலர் ஏத்துறதுக்கு முந்தி நானும் அப்படித்தான் இருப்பேன்” என்றது. ஒரே திட்டுக்கு அறுபத்து மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். கொம்பையாவோடு அறுபத்து நான்கு.

மரகதவல்லி யோசித்தாள். போன வருஷம் அவளுடைய நாத்தனார் வீட்டுக் கல்யாண வீடியோவில் நாற்பது முகம்தான் தெரிந்தது. அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

“சண்டை எதுக்கு? எல்லாரும்தான் வந்திருக்கீங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம்” என்றாள்.

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டார். மலையேறி வந்தவனுக்கும் குறட்டை விட்டவனுக்கும் ஒரே மரியாதையா என்று உள்ளுக்குள் குமுறியது. ஆனால் அவருக்கு வேண்டியது மரியாதை இல்லையே, விளக்குப் பிடிக்க ஒரு அத்தை. மெதுவாகக் கேட்டார்: “என் மகன் கல்யாணத்துக்கு வந்துருவியாம்மா?”

“என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? தம்பிரானுக்கு நான் விளக்குப் பிடிக்காம யாரு பிடிப்பா?”

அன்று கொம்பையா மலையிறங்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டே போனார். நெட்டையப்பன் பிழைப்பும் ஒரேயடியாக உயர்ந்துவிட்டது. பழைய கேமராவைப் பரணிலிருந்து இறக்கவே கூடாது, பின்னணி எவ்வளவு மங்கலோ அவ்வளவு நல்லது என்று அழைக்கப்பட்டவர்களே கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள்.

தம்பிரானின் முகூர்த்த நாள் வந்தது. கொம்பையா விடியற்காலையிலேயே மண்டப வாசலில் போய் நின்றார். பெண் வீட்டார் வந்தார்கள், மேளக்காரர்கள் வந்தார்கள். வேறு யாரையும் காணோம். முன்னூறு நாற்காலிகளில் இருநூற்று எழுபது காலி. திட்டைக் காட்டினாலே வந்த கணக்கு என்று ஆனதிலிருந்து இந்தக் காட்டில் கல்யாணத்துக்குப் போகும் வழக்கமே ஒழிந்துவிட்டது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. தங்கை வந்தால் போதும். மலைப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் நெருங்கியது. உள்ளேயிருந்து சம்பந்தியம்மாள் குரல் கேட்டது: “மாப்பிள்ளை வீட்டுல விளக்குப் பிடிக்கக்கூட ஆள் இல்லையா?”

கொம்பையா வாசலை விட்டு நகரவில்லை. நெட்டையப்பன்தான் அவரை உள்ளே அழைத்துப் போனார். “விடுங்க பெரியவரே, நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லி, லைட் ஸ்டாண்டு ஒன்றை மாப்பிள்ளைக்குப் பின்னால் நிறுத்தினார். பழுப்பு நிறப் புடவை ஒன்றைச் சுற்றிவிட்டு, மேலே காமாட்சி விளக்கை வைத்துக் கட்டினார். “படத்துல அத்தைதான்” என்றார். தம்பிரான் ஒருமுறை திரும்பி அந்த ஸ்டாண்டைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். தாலியைக் கட்டினான்.

பதினைந்து நாள் கழித்துப் படம் போட்டபோது காடே திரண்டு வந்திருந்தது. படம் பார்க்க வருவதில் மட்டும் யாரும் குறை வைப்பதில்லை. முன்வரிசையில் மரகதவல்லி. தம்பிரானுக்குப் பின்னால் பழுப்பாக ஓர் உருவம், அதன் தலைக்கு மேலே பொன் வட்டமாக உருகிய சுடர். பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தது.

“அண்ணே!” என்று மரகதவல்லி துள்ளி எழுந்தாள். “அந்தா, விளக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன் பாருங்க!”

அது நீ இல்லை, புடவை சுற்றிய இரும்பு என்று சொல்லக் கொம்பையாவுக்கு வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் சித்திரை கல்யாணத்தில் நின்ற பழுப்புக்கும் அல்லவா கணக்குக் கேட்பார்கள்? பக்கத்தில் சம்பந்தியம்மாள் வேறு திரையையும் மரகதவல்லியையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஆமா மரகதம், நீதான். ரொம்ப நேரம் நின்னியே, கால் வலிச்சிருக்குமேம்மா?”

“அதை ஏன் கேக்குறீங்க, இன்னைக்கு வரைக்கும் எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்” என்றாள் மரகதவல்லி.

நீதி: கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாப்பிள்ளையை ஒட்டி நிற்க வேண்டும். போகாதவர்கள் நாலடி தள்ளி நின்றால் போதும்.