கொடிக்கால் மேதைக்கு ஒரு பாடத்திட்டம்

உலகக் கல்வி வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பரமத்தி வேலூருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்காமல் எழுந்திருக்க முடியாது. ஒரு 'மேதை'க்குச் சமயச் சார்பற்ற, இலக்கியம் வழியான வீட்டுக் கல்விப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்க இங்கேதான் குழு அமைக்கப்பட்டது. அதற்குச் செயலாளராக இருக்கும் பேறு எனக்குக் கிடைத்தது.

மேதையின் பெயர் மருதாசலம். வயது எட்டு. வெற்றிலைக் கொடிக்காலும் லாரிகளும் வைத்திருந்த சென்னியப்பனின் ஒரே மகன். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே ஹாரனை வைத்து அது யாருடைய லாரி என்று சொல்லிவிடுவான். இந்த ஆற்றலை வகுப்பிலும் வாயாலேயே ஓயாமல் வெளிப்படுத்தியதால், தலைமையாசிரியர் அவனை வெளியே நிற்க வைத்தார். அந்த 1982 கோடையில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சென்னியப்பனின் மைத்துனர் வெங்கடாசலம், அங்கெல்லாம் இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக் கதையும் கவிதையுமாகப் படிக்க வைக்கிறார்கள், மதம் கலக்காமல் படிக்க வைப்பதுதான் இப்போது நாகரிகம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். சென்னியப்பன் உடனே பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்.

மேதைக்கு ஓர் அக்காள் உண்டு. கண்ணாத்தாள், ஆறாம் வகுப்பு. எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வருவாள். ஹாரன் விஷயத்தில் ஞானம் போதாததால் அவள் பெயர் பரிசீலனைக்கே வரவில்லை.

குழுவின் நடுநிலைமையைக் காக்க, கடவுள் இல்லை என்று மேடை மேடையாகப் பேசும் அப்புசாமியையும், மாதா கோயிலில் ஞாயிறு பூசை தவறாத ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அமிர்தசாமியையும் சேர்த்துக்கொண்டோம். முதல் கூட்டத்தில் செய்யுள் நூல்கள் பரிசீலிக்கப்பட்டன. முதல் பக்கத்திலேயே கடவுள் வாழ்த்து. அப்புசாமி கிழிக்கச் சொன்னார், கிழித்தோம். அடுத்த பக்கத்தில் அரசன் கோயில் கட்டினான். கிழித்தோம். மாலைக்குள் அட்டை மட்டும் மிஞ்சியது. பதிப்பகம் ஒரு சாமியின் பேரில் இருந்ததால் அதையும் கைவிட்டோம். சரி, கதைப் புத்தகங்கள் இருக்கின்றனவே என்றேன். நரி பேசுவது மூடநம்பிக்கை என்றார் அப்புசாமி. உரைநடை இலக்கியமே ஆகாது என்றார் அமிர்தசாமி. இவ்வாறு இருவருமாக நூல்களின் தரத்தை உயர்த்திக்கொண்டே போனதில், அதை எட்டும் நூல் எதுவும் இல்லாமல் போயிற்று.

அப்போது மேதையின் தாயார் சௌந்திரம் உள்ளேயிருந்து, "சாமி, முறுக்குத் திங்க வா" என்று மகனைக் கூப்பிட்டார். குழு திடுக்கிட்டது. பாட நேரத்தில் பிள்ளையைச் 'சாமி' என்று அழைப்பது திட்டத்தின் அடிப்படைக்கே முரண் என்று தீர்மானம் போட்டோம்.

"அப்புறம் என்னன்னுங்க கூப்புடறது?" என்று கேட்டார் சௌந்திரம்.

கேள்வி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. தீர்மானத்தில் அப்புசாமியும் அமிர்தசாமியும் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்படி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த சிந்தனையில் கழிந்தன. மேதை கொடிக்காலில் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தான். ஒருநாள் நாமக்கல்லில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போகத் தனியாகப் புறப்பட்டவன், பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாமல், ஹாரன் சத்தத்தை நம்பி ஏறிவிட்டான். பஸ் கரூர் போய்ச் சேர்ந்தது. அங்கே நின்று அழுதவனை ஒரு கண்டக்டர் விசாரித்துத் திருப்பி அனுப்பி வைத்தார். பையனைக் கட்டிக்கொண்டு சௌந்திரம் அழுத அழுகை, குழுவின் பணியைச் சற்றே பாதித்தது.

அவசரக் கூட்டம் கூடியது. பள்ளிக்கே திரும்ப அனுப்பலாம் என்றார் சௌந்திரம். மேதையை மூன்றாம் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைப்பது நாட்டுக்கே இழுக்கு என்றது குழு. நெடுநேரம் யோசித்துச் சென்னியப்பனே வழி கண்டார். எட்டாம் வகுப்பை முடித்திருந்த கண்ணாத்தாளைக் கூப்பிட்டு, இனிமேல் வீட்டிலேயே இருந்து தம்பிக்குச் சொல்லித்தரும்படி சொன்னார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நானு ஒம்பதாவது போகோணுமுங்கப்பா."

"அவன் மேதை, கண்ணு. நீ சும்மா படிக்கறவதான?" என்றார் சென்னியப்பன், அன்பாகவே.

இந்த நுட்பமான வேறுபாட்டைக் குழு பாராட்டிப் பதிவு செய்தது.

ஜூனில் பள்ளி திறந்த அன்று, கூடப் படித்த பெண்கள் வாசலில் நின்று கூப்பிட்டார்கள். கண்ணாத்தாள் வெளியே வரவில்லை. அன்றைக்கே தம்பியை உட்கார வைத்து எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். எந்தப் புத்தகம் என்று குழு கேட்கவில்லை. அவளுடைய பழைய பாடப் புத்தகங்கள்தான். கடவுள் வாழ்த்தும் பேசும் நரியும் பத்திரமாக இருந்தன. அடுத்த கோடைக்குள் பையன் செய்தித்தாளைத் தடையில்லாமல் வாசித்தான். நாமக்கல்லில் விடுதிப் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்விலும் தேறிவிட்டான். எருமப்பட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து எங்கள் பாடத்திட்டத்தின் பிரதி கேட்டார்கள்.

பாராட்டுக் கூட்டம் நடந்தது. வெங்கடாசலத்துக்கு நன்றி, உறுப்பினர்களுக்கு மாலை, முறுக்குக்குத் தனி நன்றி. எல்லாம் முடிந்ததும் சௌந்திரம், "ஏனுங்க, பையன்தான் போறானே, இவளை ஒம்பதாவதுல சேத்துறலாமுங்களா?" என்று கேட்டார்.

வயசுக்கு வந்த பெண்ணை வெளியே அனுப்புவது குடும்பத்துக்கு ஆகாது என்றார் சென்னியப்பன். ஆமாம் என்றார் அமிர்தசாமி. ஆமாம் என்றார் அப்புசாமி. கடவுளைப் பற்றி மூன்று வருஷமாக ஒத்துப்போகாத குழு, இதில் ஒரே மூச்சில் ஒத்துப்போயிற்று. சாமி உண்டு என்கிறவர், இல்லை என்கிறவர், வேறு சாமி கும்பிடுகிறவர் எல்லோரும் கூடி நின்று ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்திய அன்றுதான், சமயச் சார்பின்மை என்றால் என்னவென்று எனக்கு முழுதாக விளங்கியது.